சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பொறுப்பு

என் மருமகள் றலியா போடும் இஞ்சித் தேத்தண்ணியைப் போல கண்டியில் வேறெங்கும் கிடைக்காது. மாமியார் ஒருத்தி மருமகளைப் புகழ்கிறாளே, இதில் ஏதோ இருக்கிறது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கத்தான் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் தேத்தண்ணி விஷயம் உண்மை. எனக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் ரபீகா. கட்டுகஸ்தோட்டையில் பாலத்தைத் தாண்டியதும் வீடு. கணவர் சீலைக்கடை வைத்திருந்தார். அவர் மவ்த்தானபோது எனக்கு மிஞ்சியது கடையும் ஒரே மகன் ஹபீலும்தான். ஹபீலுக்கு அமெரிக்காவில் குடியேறும் விசா லொத்தரில் சீட்டு விழுந்தது. கடையை விற்று அவனை அனுப்பி வைத்தேன். அங்கே எண்ணெய்க் கம்பனியில் மனேஜர் வேலை என்று பெண் வீட்டாரிடம் சொன்னது தரகர், நானல்ல. பெற்றோல் ஷெட்டில் தனியாக நிற்கிறவன் அந்த நேரத்துக்கு மனேஜர்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பெண் பிலிமத்தலாவை ஜவாஹிர் ஹாஜியாரின் மகள். உம்மா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, நர்சரி டீச்சர். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் ஹபீல் பறந்தான். விசா வரும்வரை றலியா என்னோடு இருப்பதாகப் பேச்சு.

ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கலியாணத்துக்கு முன் மூன்று நோன்புப் பெருநாள் அவன் முகத்தைக் காணாமலே போயின. டிக்கட் விலை என்பான், லீவு இல்லை என்பான். கலியாணத்துக்குப் பிறகு டிக்கட்டும் மலிந்தது, லீவும் முளைத்தது. வருடம் தவறாமல் வந்தான். தினமும் வைபரில் அவளை எடுப்பான்; பேசி முடித்து "உம்மாட்ட குடுங்க" என்பான். கன்றுக்குட்டி கட்டியிருக்கும் தொழுவத்துக்குத்தான் பசு வரும். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. இவளும் அங்கே போய்விட்டால் என் மகன் இந்தப் பாலத்தைத் தாண்டி எதற்கு வருவான்? என் ஜனாஸாவுக்கு வரலாம். அதுவும் லீவு கிடைத்தால்.

ஆனாலும் விண்ணப்பத்துக்கு நான் ஒத்தாசையாகத்தான் இருந்தேன். பொலிஸ் ரிப்போட்டுக்கு அவளோடு அலைந்தேன். கலியாணப் பதிவை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கண்டி டவுனுக்கு ஏறி இறங்கினேன். கலியாணம் உண்மையானதுதான் என்று அமெரிக்காக்காரனுக்கு நிரூபிக்க வேண்டுமாம். படம் கேட்டான். எங்கள் நிக்காஹ்வில் பெண் உள்ளே இருப்பாள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுப்பது பெண்ணின் வாப்பா. ஆகவே ஆல்பத்தின் நல்ல படங்களிலெல்லாம் ஹபீலும் ஜவாஹிர் ஹாஜியாரும் கைகோத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

"மாமி, இதப் பாத்தா வாப்பாக்குத்தான் விசா குடுப்பாங்க" என்றாள் றலியா. தோள் குலுங்கியது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டு விருந்தான வலீமாவில் இருவரும் சேர்ந்து நின்ற படங்களைத் தேடிக் கொடுத்ததும் நான்தான். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

பிறகுதான் வருமானப் பேச்சு வந்தது. பெண்சாதியைக் கூப்பிடுகிறவன் அவளுக்குச் சோறு போட வக்குள்ளவன் என்று காட்ட வேண்டுமாம். ஹபீலின் எண்ணெய்க் கம்பனிச் சம்பளம் அந்த அளவுக்கு எட்டவில்லை. அப்படியானால் அங்கே வசதியாக இருக்கும் இன்னொருவர் சேர்ந்து கையெழுத்து வைக்கலாம் என்று சட்டம் இருந்தது. பளீல் இருக்கிறானே. என் கணவரின் தம்பி மகன். அதே ஊரில் இரண்டு பலசரக்குக் கடை, சொந்த வீடு, நல்ல மனசு. "எனக்கு அவ தங்கச்சி மாதிரி" என்று உடனே ஒப்புக்கொண்டான்.

அன்றைக்கு றலியா சந்தோஷத்தில் ரொட்டியைக் கருக்கிவிட்டாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து, அந்தக் கையெழுத்தின் சங்கதியை விளக்கமாகக் கேட்டேன். அவளும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னாள். அவள் அங்கே போனபின் கஷ்டப்பட்டால், அரசாங்கத்திடம் கையேந்த விடாமல் பளீல்தான் பார்க்க வேண்டும். அவள் அந்நாட்டுப் பிரஜையாகும்வரை, அல்லது பத்து வருடமளவு வேலை செய்து முடிக்கும்வரை அந்தப் பொறுப்பு தீராது. இடையில் ஹபீல் அவளை விவாகரத்துச் செய்தாலும் தீராது.

"சும்மா ஒரு சட்டம்தான் மாமி, அப்படியெல்லாம் நடக்குமா?" என்றாள்.

"நடக்காது மகள்" என்றேன். நடக்காது என்றுதான் நானும் நம்பினேன். ஆனால் கேட்டதை மறக்கவில்லை.

டிசம்பரில் பளீலின் மனைவி பாயிஸா தன் தங்கச்சியின் கலியாணத்துக்காகக் கண்டிக்கு வந்தாள். பளீல் கடையை விட்டு வரவில்லை. நான் வட்டிலப்பம் அவித்து எடுத்துக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். உபகாரம் செய்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்கலாமா?

"என்னத்துக்கு மாமி இதெல்லாம் தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள் பாயிஸா. சுற்றிலும் அவள் வீட்டுப் பெண்கள் மருதாணி காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்கட மாப்புளக்கு நான் காலமெல்லாம் துஆ கேக்கோணும் மகள். எங்கட றலியாட சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் பொறுப்பு எடுக்கிறாரே. இந்தக் காலத்தில ஆரு செய்வா?"

பாயிஸா சிரித்துக்கொண்டே, "அது சும்மா ஒரு கடதாசி எண்டுதானே செல்லினாரு" என்றாள்.

"சும்மா இல்ல மகள், சட்டம். பத்து வருஷத்துக்கு ஈக்கி. ஹபீல் தலாக் சொன்னாலும் இவர்தான் பாக்கோணுமாம். அப்படி ஒரு பெரிய மனசு."

சிரிப்பு பாதியில் நின்றது. "தலாக் சொன்னாலுமா?"

"ஓ மகள். கட்டினவனுக்கு இத்தா மூணு மாசத்தோட முடியிது. இவருக்கு முடியாது."

நான் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா, சொல்லுங்கள். எங்களில் ஒரு பெண்ணின் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் ஊர் சாட்சியாகப் பொறுப்பேற்கிற ஆண்கள் இரண்டே பேர்தான். ஒருவர் வாப்பா, மற்றவர் கணவர். பளீல் இதில் எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. மருதாணிக் கையோடு இருந்த ஒரு பெண் கேட்டாள். நான் வட்டிலப்பத்தைத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அன்றிரவே பாயிஸா அமெரிக்காவுக்குப் பேசினாளாம். பளீல் கையெழுத்தை வாபஸ் வாங்கினான். அதோடு நின்றிருந்தால் நல்லது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கலியாண வீட்டில் புறப்பட்ட கதை பிலிமத்தலாவைக்குப் போய்ச் சேரும்போது, பளீல் இவளை இரண்டாந்தாரமாக எடுக்கத்தான் விசா போடுகிறான் என்று ஆகியிருந்தது. ஜவாஹிர் ஹாஜியார் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மகள், இனி ஒருத்தர்ட கையெழுத்தும் வாணாம்" என்றார். அவருடைய குரல் உடைந்தது. அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நான்தான்.

றலியா அதற்குப் பிறகு சில நாள் நர்சரிக்குப் போகவில்லை. யார் இந்தக் கதையைக் கிளப்பியது என்று அவள் தேடவுமில்லை. பாயிஸாவின் பொறாமை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அவளாக எடுத்த முடிவை நான் எதற்கு மாற்ற வேண்டும்?

ஹபீல் விடவில்லை. அவனுடைய முதலாளி, ஒரு பஞ்சாபிக்காரர், தான் கையெழுத்து வைப்பதாகச் சொன்னாராம். றலியாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. என்ன சொல்கிறீர்கள் மாமி என்று என்னிடம் வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்.

"அந்த மனிஷனுக்கும் பெண்சாதி ஈக்கா மகள்?"

அவள் உள்ளே போய் ஹபீலுக்குப் பேசினாள். "ஊர் ஒரு தரம் கதைச்சது போதும், வாணாம்" என்று அழுதாள். அவன் கெஞ்சினான், பிறகு கத்தினான். வருடம் கழிந்தும் பதில் போகாததால் அமெரிக்காக்காரன் விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டான்.

என் கணக்குப்படி இனி எல்லாம் முன்போலவே நடக்க வேண்டும். அவள் இங்கே, அவன் வந்து வந்து போக. அப்படியே ஒரு தரம் வந்தான். இருந்த நாளெல்லாம் இருவரும் சண்டை. அடுத்த வருடம் டிக்கட் மறுபடி விலை ஏறியது. அதற்கடுத்த வருடம் காதியாரின் தலாக் கடிதம் வந்தது. அங்கேயே பிறந்த ஒருத்தியைக் கலியாணம் முடித்துக்கொண்டானாம். அவளுக்கு யாரும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை பாருங்கள். இப்போது எனக்கு அவன் பெருநாளுக்கு ஒரு படம் அனுப்புகிறான். காசு அனுப்புவது நின்றுவிட்டது, வீட்டுக்கடன் என்கிறான்.

என் கணக்கில் ஒரு பிழை இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். கன்று கட்டியிருந்தாலும் பசு வேறு கொட்டிலைப் பார்த்துக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை.

றலியா இத்தா இருக்கப் பிலிமத்தலாவைக்குப் போனாள். அந்த வருடமே ஹாஜியார் மவ்த்தானார். அண்ணனான நானாவின் வீட்டில், அவர் பெண்சாதி மச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம். இந்த வீட்டின் அமைதி என்னைத் தின்றது. அந்த நேரத்தில்தான் நான் குளியலறையில் விழுந்தேன். விழுந்தது உண்மை; கால் எலும்பு வெடித்ததும் உண்மை. பேராதனை ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலோரம் அவள்தான் இருந்தாள்.

"மாமி, பயப்படாதீங்க, நான் ஈக்கிறன்" என்றாள்.

என்னோடு திரும்பி வந்தவள் பிறகு போகவில்லை. கால் குணமாகிக் காலம் ஆகிவிட்டது. அவள் நர்சரியில் இருக்கும் நேரம் நான் மாடிக்குக்கூட ஏறி இறங்குவேன். அவள் வரும் நேரத்துக்குக் கைத்தடியைப் பிடித்துக்கொள்வேன். கால் எப்படி என்று அவள் கேட்பதில்லை; கேட்டால் சொல்லிவிடுவேன்.

இப்போது கடைசி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் றவூப் என்று ஒருவர். என் மருந்துத் துண்டோடு அவள் வரிசையில் நின்ற நாட்களில் பார்த்திருக்கிறார். மனைவியை இழந்தவர், பிள்ளை இல்லை, மரியாதையான மனிதர். போன வெள்ளிக்கிழமை அவருடைய தாத்தா, அதாவது மூத்த சகோதரி, பெண் கேட்டு வந்தார். றலியா புதுச் சால்வை போட்டிருந்தாள். தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டும் சத்தத்திலேயே அவள் மனசு எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தத் தோள் குலுங்கியதைக் கண்டேன்.

றலியா கோப்பையை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிய பிறகு, அந்தப் பெண்மணி தயங்கித் தயங்கி, "முந்தின கலியாணம் ஏன் முறிஞ்சது?" என்று கேட்டார்.

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. வயது போய்விட்டது, கபுறுக்கு எதைச் சுமந்துகொண்டு போவது? இப்போது உங்களுக்குச் சொல்வதைப் போலவே அவருக்கும் சொல்லத் தொடங்கினேன். "பிள்ளையில ஒரு குத்தமும் இல்ல, எல்லாம் நான் செஞ்சது" என்றேன். "பளீலோட சேத்து ஊரெல்லாம் கதைச்சாங்க. அல்லாஹ் மேல ஆணை, அதில ஒண்டுமே இல்ல."

அவருடைய கை கோப்பையில் நின்றது. "எந்தப் பளீல்?" என்றார்.

பாவம், அவருக்கு அந்தக் கதையே தெரிந்திருக்கவில்லை. ஆரம்பித்துவிட்டு பாதியில் விடுவது அழகல்ல. யார் பளீல், எந்த ஊரில் இருக்கிறான், பாயிஸா என்ன சொன்னாள், பிலிமத்தலாவையில் என்ன பேசினார்கள், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ஒவ்வொன்றின் முடிவிலும் அது பொய் என்றும் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தார். பஸ்ஸுக்கு நேரமாம்.

"என்ன மாமி, ஒண்டும் செல்லாமலே போறாங்க?" என்று வாசலில் நின்று கேட்டாள் றலியா. மூன்று நாள் காத்திருந்தாள். செய்தி வரவில்லை. நாலாம் நாள் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல், "இனி ஒருத்தரும் கேட்டு வந்தா வாணாம் எண்டு செல்லுங்க மாமி. நான் ஒங்களோடயே ஈக்கிறன்" என்றாள்.

நான் அழுதேன். அவளும் அழுதாள். நான் செய்தது குற்றம்தான். இல்லையென்று எந்த இடத்திலும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பரிகாரமும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். பளீல் பின்வாங்கிய பொறுப்பை, கட்டினவனே கைவிட்ட பொறுப்பை, இந்த வயதில் நான் ஏற்றிருக்கிறேன். மாதம் முடிந்ததும் அவள் நர்சரிச் சம்பளத்தை அப்படியே என் கையில் தந்துவிடுவாள். அதிலிருந்து அவளுடைய சாப்பாட்டையும் உடுப்பையும் ஒரு குறையும் வைக்காமல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.