படத்தில் விழுந்த கை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் மைத்துனருக்கு நடந்தது.

ராத்திரி இரண்டேகால். ஆஸ்பத்திரியின் பின்பக்கப் பாதையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. நான்கு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஓடுகிறார். குழந்தை மூச்சை இழுக்கும்போதெல்லாம்... விசில் மாதிரி ஒரு சத்தம். தாயில்லாப் பிள்ளை. அவருக்கென்று இருந்ததே அந்த ஒரு உயிர்தான்.

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, எங்கே என்று தெரியாமல் கை வைக்க முடியாது என்றார் டாக்டர். எக்ஸ்ரே எடுக்க யாரைத் தேடுவது? அந்த ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக்கே மைத்துனர்தான் ஆள். ஊரார் எலும்பையெல்லாம் எண்ணிப் பார்த்தவர், இப்போது சொந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மேசையில் படுக்க வைத்தார். துள்ளிக்கொண்டிருந்தவள் சட்டென்று அசையாமல் கிடந்தாள். ஈயத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினார். டக். பிறகு இருட்டறை... சிவப்பு விளக்கு... மருந்துத் தொட்டியின் புளித்த நாற்றம். ஃபிலிமைச் சொட்டச் சொட்டத் தூக்கிப் பார்த்தார்.

விலா எலும்புகள். மேலே, தொண்டையைச் சுற்றி ஒரு கை. எலும்புக் கை.

குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் தாயின் கை படத்தில் விழுவது சகஜம்தான். இங்கே பிடிக்க யார் இருந்தார்கள்? சாயங்காலம் யாருக்கோ கையைப் படமெடுத்த ஃபிலிமை மாற்றாமலே விட்டிருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, புது ஃபிலிம் போட்டு மறுபடி எடுத்தார்.

அதே கை. விரல்கள் இன்னும் இறுகியிருந்தன.

வெளியே விசில் நின்றுபோயிருந்தது. ஓடி வந்தார். உதடெல்லாம் நீலம். அதற்குமேல் அவருக்குப் பயப்படக்கூட நேரமில்லை. மேசையில் ஏறி மகளுக்குப் பக்கத்தில் படுத்தார்.

"அவள விட்டுடு... என்னைப் பிடிச்சுக்கோ."

குழந்தை இருமியது, வீறிட்டு அழுதது. டாக்டர் வந்து பார்த்தபோது தொண்டையில் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் ஆளில்லாத நேரத்தில் தன்னைத்தானே படமெடுத்துப் பார்ப்பார். கை அவர் கழுத்தில்தான் இருக்கும். பெண் மூச்சு விடுகிறாளே, அது போதும் என்பார். அவளும் வளர்ந்தாள், கல்யாணமும் ஆயிற்று.

போன மாதம் என் நண்பன் அவர் வீட்டுக்குப் போனான். புதுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"ஒண்ணுமே இல்லையே மச்சான். கை போயிடுச்சே... நல்லதுதானே?"

அவர் உள்ளறைக் கதவையே பார்த்தார். அங்கே பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்து ஒன்பது நாள்.