எடுத்தது எடுத்தபடி

பிளேன்டீக்கு நன்றி, சசிகரன் சார். சீனி கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நிறம் நன்றாக இருக்கிறது. "ஆறுதலாச் சொல்லும், அவசரமில்லை" என்று நீங்கள் சொன்னதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் பெயர் றுஸ்தி. மாத்தளை டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படம் எடுப்பதுதான் தொழில். மற்றவர்கள் கண்டபடி எடுத்துவிட்டு, பிறகு கம்பியூட்டரில் உட்கார்ந்து முகத்தை வெளுக்க வைப்பார்கள், வானத்துக்கு நீலம் பூசுவார்கள். நான் அதைச் செய்வதில்லை. பழைய பிலிம் ரோலில் விழுந்த நிறம் இருக்கிறதே, கொஞ்சம் மங்கல், கொஞ்சம் மஞ்சள், நிழலில் மெல்லிய பச்சை, அதை டிஜிட்டல் கேமராவுக்குள்ளேயே செட் பண்ணி வைத்திருக்கிறேன். பட்டனை அழுத்தினால் வருவதுதான் படம். அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன். கடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்: எடுத்தது எடுத்தபடி.

அதில் ஒரு சங்கடம் உண்டு. பிறகு மாற்றுவதில்லை என்றால், கேமராவுக்கு முன்னால் இருப்பது முதலிலேயே சரியாக இருக்க வேண்டும்.

யட்டவத்த ஊர் அஸ்ரா தன் கல்யாணத்துக்கு என்னைத்தான் வேண்டும் என்று தேடி வந்தாள். "கம்பியூட்டர் முகம் எனக்கு வேணாம் நானா. நாங்க எப்படி இருக்கோமோ அப்படியே வரணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மேல் எனக்கு மரியாதை வந்தது.

கல்யாணத்துக்கு முன்பே மண்டபத்தைப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கி தெரிந்தது. நல்ல நீலம். என் செட்டிங்கில் அந்த நீலம் அடிபட்ட காயம் மாதிரி வரும். மறுநாள் ஏணி கொண்டுபோய் அதற்கு மண் நிறத்தில் பெயின்ட் அடித்தேன். அந்த வீட்டு நோனா வெளியே வந்து, "யாரு தம்பி ஒங்கள அனுப்பினது?" என்று கேட்டார். டெங்கு ஒழிப்பு என்றேன். நல்ல வேலை என்று சொல்லி வாழைப்பழம் கொடுத்தார். பின்னால் மேய்ந்த வெள்ளை ஆடுகளைத் தேயிலைச் சாயத்தில் குளிப்பாட்டினேன், வெயிலில் வெள்ளை வெந்துபோகும் என்பதால். மண்டபத்து டியூப்லைட்டுகளைக் கழற்றி வைத்தேன். யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.

மாப்பிள்ளை இத்ரூஸ்தான் பிரச்சினை. தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் லொறிகளுக்கு மேலே நின்று வேலை செய்கிற பிள்ளை. நல்ல குணம். அந்தக் குடும்பமே அப்படித்தான். நன்றாகச் சாப்பிடுவார்கள், வாய்விட்டுச் சிரிப்பார்கள், முகத்தில் இரத்தம் துள்ளும். என் செட்டிங் சிவப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். நிச்சயதார்த்தத்தன்று எடுத்த படத்தை அஸ்ரா கேமராவின் சின்னத் திரையிலேயே பார்த்தாள்.

"இதென்ன நானா, இவரு தக்காளிப் பெட்டி மாதிரி வந்திருக்காரு?"

கேமராவில் சிவப்பைக் குறைக்கலாம். குறைத்தால் அவளுடைய கல்யாணச் சேலை சாம்பலாகிவிடும். செங்கல் நிறச் சேலை, சார். அந்த நிறம் பிலிமுக்கென்றே பிறந்தது. சேலையை விட மனம் வரவில்லை. அப்படியென்றால் இத்ரூஸைத்தான் குறைக்க வேண்டும்.

பேதியானால் மனிதன் எப்படி வெளிறிப்போவான் என்று எல்லாருக்கும் தெரியும். இத்ரூஸுக்கு மட்டும் பேதி மருந்து கொடுக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் அவன் வெளிறி நிற்க, சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள் சிவந்திருந்தால் குரூப் படம் ஒட்டாது. ஆகவே மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸில் வரும் எல்லாருக்கும் என்று முடிவு செய்தேன். பெண் வீட்டாருக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் விடிய விடியச் சமைத்து ஏற்கெனவே நல்ல நிறத்தில் இருந்தார்கள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் அஸ்ராவின் உம்மா ஜெஸீமா மாமி சர்பத் ஊற்றப் போனார். நான் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

"நீங்க படம் புடிக்க வந்தவரு தம்பி. விடுங்க, நாங்க ஊத்துறோம்."

"நானே ஊத்துறேன் மாமி. அப்பதான் அவங்க முகம் எனக்குப் பழகும்."

மருந்தைக் கண்மதிப்பில்தான் ஊற்றினேன். அங்கே கொஞ்சம் கவனக்குறைவு இருந்திருக்கலாம்.

நிக்காஹ் முடிந்து மேடையில் குரூப் படத்துக்கு நிறுத்தும்போது வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. சாயந்தர வெயில் இறங்குகிற மாதிரி முகங்களிலிருந்து சிவப்பு இறங்கியது. இத்ரூஸின் கண்கள் உள்ளே போய், அவற்றில் ஓர் ஆழம் வந்தது. அத்தனை பேரும் வயிற்றில் கை வைத்தபடி அவ்வளவு அமைதியாக நின்றார்கள். எந்தக் கல்யாணத்திலும் அப்படியொரு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

இங்கே கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாய்லட்டுக்குப் போகும் வழி மேடைக்குப் பக்கத்துக் கதவு. அதைத் திறந்தால் அந்தப் பக்கத்து வெள்ளை வெளிச்சம் மேடை மேல் விழுந்து எல்லாரையும் பச்சையாக்கிவிடும். அந்த லைட் மட்டும் கழற்ற வரவில்லை. அதனால் காலையிலேயே கதவைப் பூட்டிச் சாவியைக் கேமரா பேக்கில் போட்டிருந்தேன்.

இத்ரூஸின் பெரிய வாப்பா மக்கீன் ஹாஜியார் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது.

"மகன், அந்தக் கதவத் தொறக்கச் சொல்லுங்களே. எனக்கு ஏலாம இருக்குது."

"இன்னும் ஒரே ஒரு படம் ஹாஜியார்."

பெரிய மனிதர். திரும்பிப் போய் நின்றார். அடுத்த படத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கடுத்ததில் படுத்திருக்கிறார். அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும், சார். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் பட்டு, பழைய பிலிமில்கூட நான் கண்டிராத ஒரு நிறம். தொப்பி வெள்ளையாக இருந்ததால் அதை மட்டும் மெதுவாகக் கழற்றி வைத்துவிட்டு எடுத்தேன். பிறகுதான் உதவிக்கு ஆளைக் கூப்பிட்டேன்.

மற்றவர்கள் எல்லாரும் சேலைன் ஏற்றியதில் தேறிவிட்டார்கள். ஹாஜியார் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். கேமரா கொண்டுபோகவில்லை, எனக்கும் இடம் பொருள் தெரியும். புரியாணி கெட்டுப்போயிருக்கும் என்று ஊர் பேசியது. சமையல்காரர் ரிஸ்வியை நீங்கள் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அவருடைய மனைவி பஸ்லா என் கடை வாசலில் நின்று அழுதார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மறைக்காமல் சொல்வதென்றால், நான் இங்கே வந்தது அதற்காக அல்ல.

நேற்று அஸ்ரா கல்யாண அல்பத்தோடு கடைக்கு வந்தாள். மேசையில் எறிந்தாள்.

"கம்பியூட்டர்ல என்ன செஞ்சீங்க நானா? எங்க ஆக்கள எல்லாம் மையத்து மாதிரி வெளுக்க வச்சிருக்கீங்களே. மௌத்தான ஊட்டோடயா வெளாட்டு?"

"நான் ஒண்ணுமே மாத்தல்ல அஸ்ரா."

"பொய் சொல்லாதீங்க. எந்த மனுசனுக்காவது இப்படி ஒரு நெறம் இருக்குமா? எல்லாருக்கும் தெரியட்டும்."

பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். இரவுக்குள் மாத்தளை முழுக்க ஒரே பேச்சு: றுஸ்தியும் எடிட் பண்ணுகிறவன்தான். அதன் கீழே ஒருவர் சிரிப்பு முகம் போட்டு வைத்திருந்தார். என்னால் சாப்பிட முடியவில்லை. காலையில் கடையைத் திறக்காமல் நேரே இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். சர்பத்தில் மருந்து ஊற்றியது நான். கதவைப் பூட்டியது நான். ஹாஜியார் கெஞ்சியும் திறக்காதது நான். ரிஸ்வியை விட்டுவிடுங்கள். எந்த வழக்குப் போட்டாலும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அந்த முகங்கள் உண்மையாகவே அந்த நிறத்தில்தான் இருந்தன என்பதை மட்டும் அஸ்ராவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை நம்பிக் கொடுத்த வேலை, சார். நான் எதிலும் கை வைக்கவே இல்லை.