அக்கா சொன்ன 'வரட்டும்'

இல்ல, நான் கேக்கறேன் தம்பி. ஒரு மனுஷன் இத்தனை வருஷம் ஜெயில்ல இருந்துட்டு இன்னைக்குத்தான் வெளிய வர்றான். அவனை அக்கா வீட்டுல கொண்டுபோய் விட ஒரு காரு அனுப்பக் கூடாதா? "பஸ்லயே கூட்டிட்டுப் போயிடுங்கம்மா"ங்கறாரு நம்ம தலைவரு. பேரு மட்டும் பெரிய பேரு, கைதிகள் துணைச் சங்கம். துணைக்கு வந்தது யாரு? மூட்டுவலியோட நான். கொஞ்சம் நகந்து உக்காரு, ஜன்னல் பக்கமா. அந்தப் பைய ஏன் இப்படிக் கட்டிப் புடிச்சிருக்க? கீழ வை. ஒரு துண்டும் பழைய செருப்பும்தான் இருக்கு. அதை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?

என்ன அப்படிப் பாக்கற? சங்கத்துக் காரு என்ன ஆச்சுன்னா? அது... அது வேற கதை. சரி, நான் சொல்லலன்னாலும் யாராவது சொல்லத்தான் போறாங்க. போன மாசம் நான்தான் ஓட்டிட்டு வந்தேன். உங்க ஜெயில் வாசல்ல திருப்பறேன்... அங்க சுவரு இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். அவ்வளவு கிட்டத்துல இருக்கும்னுதான் தெரியல. உள்ள இருக்கறவன் வெளிய வர சுவத்த இடிப்பான், கேள்விப்பட்டிருக்கோம், வெளிய இருக்கறவ உள்ள வர இடிச்சது இந்தம்மா ஒருத்திதான்னு வார்டருங்க இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்களாம். சுவத்துக்கு ஒரு கீறல் இல்ல. காருக்குத்தான் மூக்கு போச்சு. அதுக்காக? ஒரு தடவ இடிச்சவகிட்ட மறுபடி சாவி குடுக்க மாட்டாங்களாமா? உன்னையே வெளிய விட்டுட்டாங்க, எனக்கு ஒரு சாவி தர மனசில்ல.

சிரிச்சா சத்தமாவே சிரி. பஸ்ஸுல சிரிக்கறதுக்கு யாரும் தடை போடல.

சட்டை புடிச்சிருக்கா? புடிக்கலன்னாலும் சொல்லாத. அளவெடுக்கவா விட்டாங்க? மேஜைக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், கண்ணாலயே அளந்து தெச்சது. தோள்பட்டை சரியா உக்காந்திருக்கு பாரு. பட்டன்தான்... ஆமா, பொம்பளைங்க துணிக்கு வர்ற பக்கம் வந்துடுச்சு. காலம் பூரா பொம்பளைங்களுக்கே தெச்ச கை, அதுபாட்டுக்குப் போயிடுச்சு. போட்டு முடிச்சப்புறம் எந்தப் பக்கமா இருந்தா என்ன? உள்ள குடுக்கற சட்டைக்குப் பாக்கெட் கிடையாதுன்னு ஒரு தடவ சொன்னல்ல, அதான் ரெண்டு வெச்சிருக்கேன். ஏறினதுல இருந்து கைய அதுக்குள்ள விட்டே வெச்சிருக்க. வெச்சுக்கோ, வெச்சுக்கோ. கிழியாது, ரெட்டைத் தையல்.

சங்கத்துல சேந்த புதுசுல எங்களுக்கு ஒரு பயிற்சி வெச்சாங்க. தலைவரு பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவரு, நின்னா உக்காந்தா பாடம். "நாம கேக்கறவங்களா இருக்கணும், பேசறவங்களா இருக்கக் கூடாது, மௌனமும் ஒரு துணை." இதையே ஒரு பொழுது பூரா பேசினாரு மனுஷன். நானும் நம்பித் தொலைச்சேன். மொத தடவ உன்னைப் பாக்க வந்தப்போ ஞாபகம் இருக்கா? நீ மேஜையைப் பாக்கற. நானும் மேஜையைப் பாக்கறேன். மூலைல வார்டரு கொட்டாவி விடறாரு. எழவு வீட்டுல கூட அதைவிடக் கலகலப்பா இருக்கும். அப்புறம்தான் நான் வாயைத் திறந்தேன். திறந்தது திறந்ததுதான், நாளது வரைக்கும் மூடல. நீயும் எழுந்து போகல. போகறதுக்கு இடமும் இல்ல உனக்கு, அதுவும் உண்மைதான்.

நான் ஒண்ணும் சேவை செய்யணும்னு வந்தவ இல்லப்பா. ஆர்வக்கோளாறு. என் கடைல துணி தெக்கக் குடுக்க வர்ற ஒரு வார்டரோட பொண்டாட்டி, பாதிப் பேரப் பாக்க ஆளே வர்றதில்லைன்னு சொல்லுச்சு. அதெப்படி ஆளில்லாம இருப்பாங்கன்னு பாக்க வந்தேன். வந்து மாட்டிக்கிட்டேன்.

ஆனா இன்னைக்கு நான் வாயை மூடினேன். பாத்தியா? டீக்கடைல. சக்கரை போடவா வேணாமான்னு அவர் கேக்கறாரு, நீ என் மூஞ்சியப் பாக்கற. அவரு உன் மூஞ்சியப் பாக்கறாரு. பின்னாடி நிக்கறவங்க எல்லாரும் நம்ம மூஞ்சியப் பாக்கறாங்க. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கடிச்சுட்டு நின்னேன். உனக்கு இனிப்பு வேணுமா வேணாமான்னு நான் யாரு சொல்றதுக்கு? கடைசில 'போடுங்க'ன்ன. அந்தக் கடைக்காரருக்கு எங்க தெரியும், இத்தனை வருஷத்துல வேணுமா வேணாமான்னு உன்னை ஒருத்தன் கேட்டது இதுதான் மொத தடவன்னு. ரெண்டு கரண்டி போட்டுட்டாரு. நீயும் வேணாங்கல. அடுத்த தடவ ஒண்ணு போதும்னு சொல்லு, சக்கரை உடம்புக்கு ஆகாது.

அப்புறம் டீயோட நீ தின்ன அந்த ரொட்டி. ரொட்டியப் பத்திச் சொல்லணும். அதுக்கு மொதல்ல உங்க அக்கா வீட்டுக்குப் போன கதையச் சொல்லணும்.

ஆமா, நேர்லயே போனேன். தலைவரு போன்ல பேசினா போதும்னாரு. போன்ல என்ன தெரியும், மூஞ்சியா தெரியும்? போனா, உங்க அக்கா வாசல்ல போர்வையெல்லாம் காயப் போட்டு எடுத்துட்டு இருக்காங்க. வாங்கன்னும் சொல்லல, யாருன்னும் கேக்கல. நான் உன் பேரைச் சொன்னேன். ஒரு போர்வையோட ரெண்டு முனைய என் கையில குடுத்தாங்க. நானும் புடிச்சேன். இழுத்து உதறி, மடிச்சு, கிட்ட வந்து முனையோட முனை சேக்கறப்போ ஒரு வார்த்தை சொல்லுவேன். அவங்க மறுபடி அடுத்த போர்வையோட விலகிப் போயிடுவாங்க. இப்படியே ஒரு கொடி பூரா மடிச்சோம். நீ நல்லா இருக்கன்னு ஒரு போர்வை. கோவமெல்லாம் போயிடுச்சுன்னு ஒரு போர்வை. வெளிய வரப் போறன்னு ஒரு போர்வை. அதுக்கு அவங்க கை அப்படியே நின்னு போச்சு.

"அவன்தானே என்னை வராதன்னு சொன்னான்"ன்னாங்க.

ஏன் தம்பி, அது உண்மையா? எங்கிட்ட நீ என்ன சொன்ன? அக்கா வர்றதையே விட்டுடுச்சுன்னு சொன்ன. நானும் உங்க அக்காவக் கல்நெஞ்சுக்காரின்னு ஊரெல்லாம் திட்டிட்டுக் கிடந்தேன். நீயே கதவச் சாத்திட்டு, யாரும் வரலைன்னு உள்ள உக்காந்து அழுதா எப்படி? அக்கா பொண்ணுக்குக் கல்யாணம் பேசற நேரம், ஜெயிலுக்கு வந்து போனா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கன்னு நீ நினைச்ச. சரி. நல்ல எண்ணம்தான். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாகி இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. இன்னுமா அதே நாலு பேரு பேசிட்டு இருப்பாங்க? அவங்களுக்கும் வேலை வெட்டி இருக்காதா?

தலையக் குனியாத. நான் திட்டல. என் குரலே அப்படி.

உங்க அக்கா கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "அவன் இன்னும் ரொட்டில ஓரத்த விட்டுட்டுத்தான் திங்கறானா?"ன்னாங்க. எனக்கென்ன தெரியும்? பாக்க வர்ற எடத்துல ரொட்டியா குடுக்கறாங்க? ஆனா அவங்க கேட்ட விதத்துல... ஆமாங்க, அப்படியேதான்னு அடிச்சு விட்டுட்டேன். இன்னைக்குப் பாத்தா நீ ஓரம் என்ன, தட்டுல விழுந்த தூளைக்கூட விரல்ல ஒத்தித் தின்ன. இன்னைக்கு ஒரு நாளைக்காவது ஓரத்தக் கொஞ்சம் விட்டு வைப்பா. என் மானத்தைக் காப்பாத்து.

அப்புறம் என்னவா? அப்புறம் 'வரட்டும்'னாங்க. அவ்வளவுதான். மடிச்சதெல்லாம் தூக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

அந்த 'வரட்டும்' எந்த 'வரட்டும்'னுதான் எனக்கு அன்னையில இருந்து குடையுது. 'வரட்டும்ம்'னு ஒரு வரட்டும் இருக்கு, உலைய வெச்சுட்டுக் காத்திருக்கறவங்க சொல்றது. 'வரட்டும்'னு ஒரு வரட்டும் இருக்கு, வெளக்கமாத்த எடுத்து வெச்சுட்டுச் சொல்றது. திரும்பி வர்ற வழியெல்லாம் ரெண்டு விதமாவும் சொல்லிப் பாத்தேன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்திருந்தவரு எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாரு. இன்னைக்கு எத்தனை மணிக்கு வருவோம்னு போன் பண்ணிச் சொன்னேன். 'ம்'ன்னாங்க. அந்த ம்முல என்னத்தக் கண்டுபிடிக்கறது?

தண்ணித்தொட்டி தாண்டிட்டோமா? அப்போ அடுத்த ஸ்டாப்புதான்.

பயமா இருந்தா சொல்லிடு. வெக்கமே இல்ல. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். ஆளு உன்னைவிட ஒரு மடங்கு பெருசு, மீசை இந்த அளவுக்கு. அவரு வீட்டு ஸ்டாப்பு வந்துச்சு, எழுந்திருக்கல. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போனோம். அதே பஸ்ஸுல திரும்பினோம். மறுபடி எழுந்திருக்கல. மறுபடி போனோம். கண்டக்டருக்கு நாங்க என்ன ஆளுங்கன்னே புரியல. நான் என் தங்கச்சி புருஷனோட தம்பி வீடு கட்டின கதைய அஸ்திவாரத்துல இருந்து சொல்லிட்டே வந்தேன். மேல்தளம் போடறதுக்குள்ள மனுஷன் தாங்க முடியாம எறங்கிட்டாரு. அதனால நீ நிதானமா யோசி. இன்னைக்கு எனக்குக் கடை லீவுதான். எங்கிட்ட கதைக்கும் பஞ்சமில்ல. என் தங்கச்சியோட மூத்த பொண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போன கதை ஒண்ணு இருக்கு, அதை உனக்குச் சொல்லவே இல்ல. என்ன ஆச்சுன்னா, எங்க மாமா இருக்காரே, அவருக்குக் காது கேக்காது, ஆனா கேக்காதுன்னு ஒத்துக்க மாட்டாரு. அங்க போய் உக்காந்ததும் அவங்க பையன் என்ன படிச்சிருக்கான்னு...

தம்பி?

அட. எப்போ எழுந்த? கண்டக்டர், ஒரு நிமிஷம்... சரி சரி, எறங்கிட்டாரு, பாத்துட்டேன், நீங்க விசில் குடுங்க. நானா? நானும் எறங்கணும்தான். வேணாம். போகட்டும், வண்டிய எடுக்கச் சொல்லுங்க. வாசல் வரைக்கும் நான் எதுக்கு?

எங்க ஆளு... அந்தா நிக்கறான், பையத் தூக்கிட்டு. யாரு அது, கூட்டத்தத் தள்ளிட்டு வர்றது? அவங்கதான். உங்... அந்த அக்காதான். ஸ்டாப்புக்கே வந்துட்டாங்க. பைய வாங்கறாங்க. வாங்கலப்பா, புடுங்கறாங்க. ஐயோ, என்ன திட்டுத் திட்டறாங்க. வாய் ஓய மாட்டேங்குது. கன்னத்தப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துத் திட்டறாங்க. அன்னைக்கு எங்கிட்ட முத்து உதிர்ந்துடுமேன்னு அளந்து பேசின பொம்பளையா இது? இவன் பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டு நிக்கறான். என் பேச்சுல இருந்து தப்பிச்சோம்னு எறங்கி ஓடினான் பாவம், போய் எங்க மாட்டியிருக்கான் பாருங்க.

உக்காருங்கம்மா, சீட்டு காலிதான். போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கினாரா பாருங்க... யாரா? அதோ, அந்தப் பொம்பள பக்கத்துல நிக்கறாரே, அவரு. ஜன்னல்ல தெரியுதா? ஒண்ணுமில்ல, அவங்க தம்பிங்க. ரொம்ப நாள் கழிச்சு அக்கா வீட்டுக்கு வந்திருக்காரு.