கல்லேறும் வண்டி

வேகமாக ஓடுகிற வண்டியை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், ஐயா. மெதுவாக ஓடுகிற வண்டியைச் செய்வதுதான் கஷ்டம். அது நத்தை வேகத்தில் போக வேண்டும். எதிரே தன் உயரத்துக்கு ஒரு கல் கிடந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்க வேண்டும், கவிழக் கூடாது. நானும் என் தம்பியும் செய்த ரிமோட் வண்டி அப்படிப்பட்டது. அதன் உடைசல்கள் உங்கள் ஸ்டேஷனில் ஏதாவது ஒரு சாக்குப் பையில் கிடக்கும். கேஸ் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது, நீங்கள் இங்கே புதிதாக வந்திருக்கிறீர்கள். அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

என் பெயர் முத்தழகு. பரமக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் ரயில் பாதையை ஒட்டிய மிளகாய்க்காட்டு ஊர். தம்பி கூத்தையாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. எங்களைப் பெற்ற அய்யா முந்திப் போய்விட்டார். அம்மா இருளம்மாள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு நீதான்டா காது" என்றாள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஊரில் யார் செத்தாலும், எங்கே கொட்டடித்தாலும், ரேஷன் கடையில் சீனி போட்டாலும் அவனுக்குக் கையால் சொல்வது நான்தான். என்னைக் குறிப்பதற்கு அவன் தன் காதுமடலைத் தொட்டுக் காட்டுவான். அதுதான் அவன் எனக்கு வைத்த பெயர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் அவனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குத் தாங்காது. வேறு காரணம் எதுவும் இல்லை.

பாம்பன் பக்கத்து அக்காள்மடத்து சலாஹுதீன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தபோது ஒரு டிவியைக் கடைக்குக் கொண்டுவந்தார். கூடவே அவர் மகன் உடைத்துப்போட்ட ரிமோட் கார் ஒன்று, ஒரு சிடி. சிடியைப் போட்டால், பாறைகள்மேல் சின்னச் சின்ன லாரிகள் ஊர்ந்து ஏறுகின்றன. ஆட்கள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடக்கிறார்கள். கூத்தையா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். திரும்பப் போடு, திரும்பப் போடு என்று கையைச் சுழற்றினான். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்த பைத்தியம் பிறகு விடவே இல்லை.

அந்தக் காரின் மோட்டார் வேகத்துக்குப் பிறந்தது. கல்லைக் கண்டால் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும். மதுரையில் பழைய சாமான் கடையில் பேட்டரியில் ஓடுகிற ஸ்க்ரூ டிரைவர்கள் இரண்டு கிடைத்தன. அவற்றின் கியர் பெட்டிகளைக் கழற்றி முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று மாட்டினோம். வேகம் செத்து இழுவை வந்தது. பழைய டிவி ஆன்டெனாக் குழாய்களை அறுத்துச் சட்டம் செய்தோம். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றாலும் அதன் ஜோடி சக்கரம் வேலை செய்ய வேண்டும் என்று அச்சிலிருந்த பற்களைப் பற்றவைத்து ஒன்றாக்கினோம். மேடு ஏறும்போது முன்பக்கம் தூக்கியது. சலாஹுதீன் பாம்பனிலிருந்து, வலையில் கோக்கிற ஈயக்குண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அவற்றை முன் சக்கரங்களுக்குள் போட்டோம். அதற்குப் பிறகு வண்டி தரையைக் கவ்விக்கொண்டு ஏறியது.

எங்கள் வேலைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும், அது முக்கியம். வண்டி எங்காவது திணறினால் கோளாறை நான் சத்தத்தில் தேடுவேன், அவன் விரலில் தேடுவான். நான் ரிமோட்டின் லிவரை அமுக்கிக்கொண்டே இருப்பேன். அவன் குத்தவைத்து உட்கார்ந்து, வண்டி நகராதபடி இரண்டு உள்ளங்கைகளையும் கியர் பெட்டிமேல் அழுத்திப் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வான். எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று அந்த அதிர்விலேயே கண்டுபிடித்துவிடுவான். இடையில் ஒரு கையைப் புரட்டி, போதுமா என்று என்னைக் கேட்பான். போதும் என்று தலையாட்டினால் எழுந்துவிடுவான். இல்லையென்று அசைத்தால் மறுபடி கண்ணை மூடிக்கொள்வான். அப்படி மோட்டார் அவன் கையில் ஓடுகிறபோது வேறு எந்த அதிர்வும் அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் டிராக்டர் வந்து நின்றாலும் திரும்ப மாட்டான்.

மற்ற நேரத்தில் அவன் பாதம் என் காதைவிடக் கூர்மை. முன்பு மீட்டர் கேஜ் ரயில் ஓடிய காலத்தில், ரயில் வருவதை ஊருக்கு முன்னால் சொல்கிறவன் அவன்தான். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, இரண்டு முஷ்டிகளையும் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டுவான். எங்கள் கைப்பேச்சில் ரயிலுக்கு அதுதான் அடையாளம்.

பிறகு அகலப் பாதை போடுகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் ரயில் இல்லை. ஊர் அதற்குப் பழகிவிட்டது. தண்டவாளத்தில் ஆட்டைக் கட்டினார்கள். நடுவில் படுதாவை விரித்துக் குண்டு மிளகாயைக் காயப்போட்டார்கள். கல்லும் இரும்பும் சேர்ந்து சுடுவதால் களத்தைவிட அங்கே சீக்கிரம் காய்கிறது என்று பக்கத்துக் காட்டு உக்கிரபாண்டி மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வேண்டியது ஜல்லி. பாதை ஓரத்தில் குவித்திருந்த கருங்கல் ஜல்லியைவிட நல்ல பயிற்சிக் களம் எங்கே கிடைக்கும்? வண்டி அதன்மேல் ஏறும், தண்டவாளத்தைத் தாண்டும், அந்தப் பக்கம் இறங்கும். ஒரு நாளும் சிக்கியதில்லை.

அந்தத் தை மாதம் சலாஹுதீன் எங்களை அக்காள்மடத்துக்குக் கூப்பிட்டார். கடற்கரையில், அலை அரித்துப் பொந்து பொந்தாகக் கிடந்த பாறைமேல் கூத்தையா வண்டியை ஏற்றினான். பார்க்க நல்ல கூட்டம். வண்டி உச்சிக்குப் போனதும் எல்லோரும் கை தட்டினார்கள். சத்தம் கேட்காவிட்டால் என்ன, அத்தனை கைகளைப் பார்த்தானே. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சலாஹுதீன் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி கைய வீணாக்காதீங்கண்ணே. கோயம்புத்தூர்ல என் மச்சான் மோட்டார் பட்டறை வச்சிருக்கான், அனுப்பி வைங்க" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

அடுத்து பூமயில் வந்தாள். நயினார்கோவில் பக்கத்துப் பெண். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் அவள் அம்மாவுக்குக் கேட்காது. ஆகவே கைப்பேச்சு அவளுக்குத் தாய்மொழி. பெண் பார்க்கப் போனபோது, அவள் சொல்வதை இவனுக்கும் இவன் சொல்வதை அவளுக்கும் சொல்வதற்காக நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் உதவி தேவைப்படவில்லை. இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டார்கள். விரல்கள் ஓடிய வேகத்தில் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. நடுவில் கூத்தையா விழுந்து விழுந்து சிரித்தான். என்ன சொல்கிறான் என்று நான் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. என் தம்பி சொன்னதை, ஐயா, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்த ஒருத்தியிடம் கேட்டேன்.

பூ வைத்தோம். ஆவணியில் கல்யாணம், முடிந்ததும் கோயம்புத்தூர் என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்து எதையும் கேட்பதில்லை. எந்த பஸ், எந்தக் கடை, எல்லாவற்றையும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தான். எனக்கு வலித்தது. பொறாமை என்று நினைக்காதீர்கள். கோயம்புத்தூரில் லாரியும் பஸ்ஸும் எந்நேரமும் ஓடுகிற ரோடு. அவள் எத்தனை நேரம் அவன் பக்கத்திலேயே நிற்க முடியும்? காதில்லாமல் அவனால் பிழைக்க முடியாது என்பது அவனுக்கே புரியவில்லையே என்றுதான் என் கவலை.

அது நடந்த அன்றைக்குக் காலையில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று ஊருக்குள் வந்தது. முற்பகலில் சோதனை எஞ்சின் வருகிறது, பாதையில் யாரும் நடமாடக் கூடாது என்று தெருத் தெருவாகச் சொன்னார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூத்தையா வண்டிக்கு பேட்டரி செல் வாங்கப் பரமக்குடி போயிருந்தான். மிளகாயை அள்ளிக்கொண்டிருந்த உக்கிரபாண்டி மாமா என்னைப் பார்த்து, "ஏலே முத்தழகு, தம்பிக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன் மாமா" என்றேன்.

ஊரே மாலையும் தேங்காயும் எடுத்துக்கொண்டு எஞ்சினைப் பார்க்க ரயில்வே கேட்டுக்குப் போய்விட்டது. கூத்தையா திரும்பி வந்தபோது எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. அவன் மிளகாய் இல்லாத வெறும் பாதையைப் பார்த்துவிட்டு பக்கத்தில் நின்ற என்னைக்கூடக் கேட்கவில்லை. தானாகவே தோளைக் குலுக்கிக்கொண்டான். மிளகாயை வியாபாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று நானாகத்தான் கையால் சொன்னேன்.

என் மனதில் இருந்தது இவ்வளவுதான். ஒரு தடவை அவன் பயப்பட வேண்டும். கடைசி நேரத்தில் பாதம் சொல்லி, அலறி ஓடிவந்து என்மேல் விழுந்து நடுங்க வேண்டும். அப்போது அவனுக்கே தெரியும். கோயம்புத்தூர்ப் பேச்சை விட்டுவிடுவான்.

கருவேல நிழலில் நின்று ரிமோட்டை நான் வாங்கிக்கொண்டேன். வண்டி ஜல்லியில் ஏறியது, தண்டவாளத்தைத் தாண்டியது, நடுவில் நின்றது. சிக்கிக்கொண்டது என்று காட்டினேன். அவன் வழக்கம்போல செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், என்னைப் பார்த்தபடி குத்தவைத்து, கைகளை வண்டிமேல் வைத்தான். நான் லிவரை அமுக்கினேன். அவன் உட்கார்ந்தால் நான் அமுக்குவேன், அது பழக்கம்.

ஹாரன் நீளமாகக் கேட்டது. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வந்தார்கள். அந்த டிரைவர் பிறகு தரையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அவர் பாவம்.

உங்களுக்கு முன்னால் இருந்தவர் என்னை நன்றாக நடத்தினார். காது கேட்காதவன், விளையாட்டு வண்டியை எடுக்கப் போய் அடிபட்டுவிட்டான் என்று எழுதிக்கொண்டார். நான் எவ்வளவோ சொல்லியும் போய்விட்டான் என்றேன். ஊர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. காதாக இருந்து வளர்த்தாயே என்றார்கள். நானும் அழுதேன், அது பொய்யழுகை இல்லை. இன்றைக்கும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறேன். தனியாளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

போன வாரம் பூமயில் கடைக்கு வந்தாள். இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வண்டி இருந்தால் ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். இல்லை என்றேன். அவள் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குக் காலு சொல்லிருமே மாமா. வெறுங்காலோடதான நின்னாரு? வண்டி கையில ஓடுனாத்தான் ஒண்ணும் தெரியாதும்பாரு. ரிமோட்டு அன்னைக்கு யாருகிட்ட இருந்துச்சு?"

இத்தனை பேர் விசாரித்தீர்கள், ஒருவரும் கேட்காத கேள்வி. அவள் எழுந்து போகும்போது வாசலில் நின்று, "கோயம்புத்தூர்ல ரெண்டு ரூமு உள்ள வீடாப் பாக்கச் சொன்னாரு. ரோட்டுப் பக்கத்து ரூமு உங்க கடைக்குன்னாரு. கல்யாணத்தன்னைக்கு உங்ககிட்டச் சொல்லலாம்னு வச்சிருந்தாரு" என்றாள். சொல்லிவிட்டுத் தன் காதுமடலைத் தொட்டுக் காட்டினாள். என் பெயரை அவளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஐயா. அவனாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வைத்திருந்தால் எவ்வளவு பெரிய விபரீதம் ஆகிவிடுகிறது பாருங்கள்.

இதோ அந்த ரிமோட். இனி நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வண்டி சிக்கவில்லை, நான்தான் நிறுத்தினேன். பாதம் சொல்லிவிடும் என்று நம்பியிருந்தேன் என்றேன் அல்லவா? மோட்டார் கையில் ஓடினால் சொல்லாது என்பது எனக்குத் தெரியும். எஞ்சின் அவன் முதுகுக்குப் பின்னால் வளைவு திரும்பியபோது அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். ஒரு கையைப் புரட்டி, போதுமா என்று கேட்டான். ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு இரண்டு முஷ்டிகளையும் ஆட்டிக் காட்ட நேரம் இருந்தது. நான் இல்லையென்று தலையை அசைத்தேன். அவன் சரியென்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

பூ வைத்த நாளிலிருந்து அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை, ஐயா. அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். அவளிடம் கேட்கவில்லை.