சிவப்புத் துணி கட்டிய ஸ்விட்ச்

ஸ்ரீரங்கத்தில் ஈரக்காற்று அதிகம், மேடம். அட்டையில் எதைச் செய்தாலும் சீக்கிரம் நமுத்துப்போகும். அதனால்தான் மலைக்கோட்டையைத் தெர்மகோலில் செதுக்கினேன். பள்ளிக் கலைவிழாவுக்காக வைத்த அந்த ரயில் காட்சி ஓடும்போது நீங்கள் பார்த்ததில்லை. மலைக்கோட்டையைச் சுற்றி வந்து, காவிரிப் பாலத்தில் ஏறி, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயில் நிற்கும். பாலத்துக்கு அடியில் நிஜத் தண்ணீர். தகரத் தொட்டியில் சின்ன மோட்டார் வைத்து ஓடவிட்டிருந்தோம்.

மோட்டார், விளக்கு, ஒயரிங் எல்லாம் இருதயநாதன் வேலை. எங்கள் பள்ளியின் கைத்தொழில் ஆசிரியர். நான் இயற்பியல். அவர் பங்கை நான் மறைக்கவில்லை.

நான் பயந்த சுபாவக்காரன். கொள்ளிடத்தில் வெள்ளம் போனால், பாலத்தில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போவேன். அதையும்விட எனக்குப் பயம், நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்பதுதான்.

ரயில் எஞ்சினை நானே செய்ததாகத் தலைமையாசிரியை ஆனந்தவள்ளியிடம் சொல்லியிருந்தேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது. அந்த அம்மா அதை அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார். உண்மையில் ஆன்லைனில் வாங்கினேன். பெயின்ட் மட்டும் நான் அடித்தேன். அதுவும் வேலைதானே, மேடம்.

விழா அன்று மதியம் அரங்கில் நாங்கள் இருவர்தான். பிள்ளைகள் பக்கத்து வகுப்பறைகளில் வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோல் தேடி என் பையைத் திறந்த இருதயநாதன் கையில், எஞ்சின் வந்த பெட்டி அகப்பட்டது.

"என்ன சார், உங்க கைவேலை கூரியர்ல வந்திருக்கு போலிருக்கே?" என்று சிரித்தார். "சாயங்காலம் மைக்குல சொல்லிடவா?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"அட, விளையாட்டுக்குச் சொன்னேன் சார். இதுக்குப் போய் இப்படிப் பயப்படுறீங்களே. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்று தோளில் தட்டினார்.

நல்ல மனிதர். சொல்லியிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஆனால் சிரித்தாரே. ஆசிரியர் அறையில் என் எதிர் நாற்காலி அவருடையது. இனி நான் எஞ்சின் என்றாலும் ரயில் என்றாலும் அந்தச் சிரிப்பு அவர் உதட்டில் வந்து நிற்கும்.

அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்றுபோனது. இருதயநாதன் மெயின் ஸ்விட்சை அணைத்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புத் துணி ஒன்றை எடுத்து அதில் கட்டினார்.

"நான் கட்டினதை நான்தான் அவுக்கணும் சார். எங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தப்ப அப்படித்தான். துணி தொங்குச்சுன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். நீங்க கொஞ்சம் இங்கயே நில்லுங்க. வேற யாரையும் தொட விட்டுடாதீங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தார். தரையெல்லாம் தொட்டித் தண்ணீர். நான் நின்றேன்.

கனிஷ்கா என்ற ஆறாம் வகுப்புப் பெண் சலங்கை சத்தத்தோடு ஓடிவந்து, ஸ்விட்சில் தொங்கும் துணியை எட்டிப் பார்த்தாள். "ஷாக் அடிக்கும்மா, தள்ளிப் போ" என்று அனுப்பிவைத்தேன்.

அடியில் அவர் ஒரு மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நடுவில் சிரித்தார். பாட்டின் நடுவில் சிரிக்க என்ன இருக்கிறது? என்னை நினைத்துத்தான்.

"ரெண்டு ஒயரையும் பிடிச்சுட்டேன் சார், இதோ முடிஞ்சுது" என்று குரல் வந்தது.

லேசான முடிச்சு. இழுத்ததும் அவிழ்ந்துவிட்டது. ஸ்விட்சைப் போட்டேன். மலைக்கோட்டையில் விளக்குகள் எரிந்தன. ஒத்திகையில் பாலத்தில் சிக்கிக்கொண்ட ரயில் அன்று நிற்காமல் ஓடியது. அது ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டேன்.

அவசரத்தில் ஸ்விட்சை அணைக்காமல் கைவைத்துவிட்டார், பாவம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். துணி என் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது.

அவர் மனைவி சகாயராணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கல்லறைத் தோட்டத்தில் என்னிடம் வந்தார்.

"துணி கட்டாம அவரு கைய வெக்கவே மாட்டாரு சார். வீட்டுல பல்பு மாத்தினாக்கூடக் கட்டுவாரு. அந்தச் சிவப்புத் துணி எங்க சார்?"

"தேடிப் பார்க்கிறேங்க" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் போன். "கெடச்சுதா சார்?" அழுகை இல்லை, கோபம் இல்லை, அது ஒன்றுதான் கேள்வி. வீட்டில் ஃபேன் போடக்கூட என் மனைவியைத்தான் கூப்பிடுகிறேன். அந்தத் துணியை எரிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். இதோ உங்கள் மேஜையில் வைத்துவிட்டேன். நீங்களே அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

நான்தான் செய்தேன், மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும். வேறு யாரையும் தொட விட வேண்டாம் என்று இருதயநாதன் என்னை நம்பித்தான் சொல்லிவிட்டுப் போனார். வேறு யாரையும் நான் தொட விடவில்லை.