தட்டலுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே

இரவு ஒன்றரை மணி. சிங்கப்பூரின் தெம்பனிஸில் கடைசிப் பேருந்தும் போய்விட்டது. சாலையில் ஈ காக்கை இல்லை... யாரும் சிரிக்க வேண்டாம், இது நம்ம சுதாவின் சித்தி உர்சுலாவுக்கு நடந்தது. தேக்காவில் ஒரு கிளினிக்கில் அவள் நர்ஸ். அன்று வேலை முடிந்து டாக்ஸியில் வந்து இறங்கி, பதினான்காம் மாடி வீட்டில் ஜெபமாலையோடு படுத்தாள். பக்கத்தில் கணவர் ஆர்னால்ட், புவியியல் ஆசிரியர், நல்ல குறட்டை.

டொக்.

தரைக்கு அடியிலிருந்து ஒரே ஒரு தட்டல். அவள் ஐந்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்தாள்... அதற்கப்புறம் கட்டில் இடமும் வலமுமாக ஆடியது. அறை முழுக்க உப்பு வாடை.

காலையில் ஆர்னால்ட் காப்பியை ஆற்றிக்கொண்டே பாடம் எடுத்தார்.

"சுமத்ரா பக்கம் நிலநடுக்கம்லா. முதல் அலை வேகமா வரும், சும்மா ஒரு தள்ளு தள்ளும். ரெண்டாவது மெதுவா வரும், அதுதான் ஆட்டும். நடுவுல எவ்வளவு நேரமோ, அவ்வளவு தூரம்."

"சுனாமி வருமாங்க?"

"கடலுக்கு அடியில தரை எழும்பினா மேல இருக்கற தண்ணியும் எழும்பும். சில நேரம் கடல் முதல்ல உள்ள வாங்கும். அதைப் பாத்தா நிக்கக்கூடாது, உயரத்துக்கு ஓடணும். ஆனா இங்க வராது, சுமத்ராவே தடுத்துரும்."

செய்தியில் நிலநடுக்கமே இல்லை. மறுநாள் இரவு, நடுவே மூன்று மரியே. அடுத்த இரவு ஒன்றுகூட முடியவில்லை.

"கிட்ட வருதுங்க" என்றாள். ஆர்னால்டுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அவளுடைய தம்பி அலெக்சாண்டரை தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் சுனாமி கொண்டுபோனது. ஆர்னால்டோடுதான் விடுமுறைக்குப் போயிருந்தான். 'நான் ரூம்ல தூங்கிட்டேன்' என்று ஆர்னால்ட் இருபது வருஷமாக அழுவார். ஒவ்வொரு டிசம்பரிலும் தன் துக்கத்தை விழுங்கிக்கொண்டு அவரைத் தேற்றியது உர்சுலாதான்.

நாலாம் இரவு... தட்டலும் ஆட்டமும் ஒன்றாகவே வந்தன. நடுவே இடைவெளியே இல்லை.

பயத்தில் அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஆர்னால்ட் எழுந்து குளியலறை விளக்கைப் போட்டார். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். இமை இடுக்கு வழியாகப் பார்த்தாள். நிரம்பியிருந்த வாளியில் தண்ணீர் கீழே கீழே இறங்கியது. தலைமாட்டில் இருந்த டம்ளரிலும் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. வாளியையே பார்த்துக்கொண்டு நின்ற ஆர்னால்ட் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். தூங்குகிறாள் என்று நினைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வாசல் கேட்டைத் திறந்து வெளியே போனார். எழுப்பவில்லை.

அந்தப் பார்வையில் தயக்கமே இல்லை. ஏற்கனவே ஒருமுறை செய்து பழகியவனின் பார்வை அது. புக்கெட்டில் அன்றைக்கு அவன் தூங்கவில்லை! கடல் உள்வாங்கியதைப் பார்த்திருக்கிறான். மணலில் நின்ற தம்பியை ஒரு குரல் கூப்பிடாமல் மாடியேறியிருக்கிறான். பாவி, அவள் தோளிலேயே சாய்ந்து அழுதானே.

எழுந்து கேட்டருகே வந்தாள். மேலே படிகளில் அவன் ஓடும் சத்தம்... மூச்சிரைப்பு... பிறகு நின்றுவிட்டது. களைத்து உட்கார்ந்திருப்பான்.

அப்போது கீழ்ப் படிகளிலிருந்து...

சளக்... சளக்...

அவசரமே இல்லாத ஈரக் காலடி. ஆள் யாரும் இல்லை. சிமெண்டுத் தரையில் பாதத் தடம் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்தது. அவள் வாசலில் வந்து கொஞ்சம் நின்றது. பிறகு மேலே ஏறியது.

'பின்னால பாருங்க' என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அவனுக்குக் கேட்டுவிடும்.

உர்சுலா கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தாள்.

விடிந்ததும் கடைசி மாடிப் படியில் அவனைக் கண்டெடுத்தார்கள். சட்டை காய்ந்திருந்தது... வாய் நிறைய கடல் மணல்.