ஒருத்தனுக்கு ஒரு கல்லூரி

— ஐயோ! என்ன சத்தம் டீன் சார்? கட்டடம் இடியுதா?

— குளிருக்குச் சூடு தர்ற பாய்லர், லெமுவேல்! குன்னு மேல வெள்ளைக்காரப் பசங்க சட்டக் கல்லூரிக்கு ஒரு பாய்லர், இந்த நிலவறையில உன் கல்லூரிக்கு ஒரு பாய்லர். சட்டப்படி சமம்.

— அவங்க அறுநூறு பேரு சார். நான் ஒருத்தன்.

— அப்போ உனக்குத்தானே சூடு ஜாஸ்தி!

— அங்கேயே ஒரு நாற்காலி போட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே.

— நம்ம மாகாணச் சட்டப்படி கறுப்பரை அங்க சேர்க்கக் கூடாது. ஆனா உனக்கும் சமமா படிப்புத் தரலைன்னா கோர்ட்டு சும்மா விடாது. அதான் இந்தக் கல்லூரி. மூணு பேராசிரியர், நூலகர், மணி அடிக்க ஒருத்தர், எல்லாம் உனக்காக. ரெண்டுக்கும் நானே டீன். ஆங், பரீட்சை முடிவு வந்துடுச்சு. நீ ரெண்டாவது.

— எழுதினதே நான் ஒருத்தன்தானே! முதல்ல யாரு?

— முதலிடம் காலி. உனக்குக் குடுத்தா சட்டசபையில முகம் சுளிப்பாங்க.

— ஆகட்டும் சார். ஆனா வக்கீலுக்குப் படிக்கறவனுக்கு எதிர்த்துப் பேச ஆள் வேணுமே. போன மாசம் வாதப் போட்டியில ரெண்டு பக்கமும் நானே பேசினேன்.

— ஜெயிச்சே இல்ல?

— தோத்தும் போனேன் சார். அதனாலதான் என்னைக் குன்னு மேல சேர்க்கச் சொல்லி வழக்குப் போட்டேன்.

— நாளைக்குக் கோர்ட்டுல ரெண்டும் சமம்னு சத்தியம் பண்ணப்போறேன். உன் வழக்கு தள்ளுபடி. அப்புறம் பட்டம் வாங்கற வரைக்கும் நீ இங்கதான். யாரது கதவைத் தட்டறது? ஹாலிஸ்! நீ ஏண்டா இங்க வந்தே?

— இங்க சேர வந்தேன் அப்பா. குன்னு மேல கடைசி பெஞ்சுல உக்காந்தா வாத்தியார் வழுக்கை மட்டும்தான் தெரியுது. இங்க ஒரு ஆளுக்கு மூணு வாத்தியார்!

— உளறாதே. இது கறுப்பருக்கு.

— சமம்னு நீதானே ஊரெல்லாம் சொல்றே? எங்க படிச்சா என்ன?

— சமம்தான். சட்டப்படி.

— அப்போ சேத்துக்கோ.

— முடியாதுடா!

— ஏன்ப்பா?

— ஏனா? நாளைக்கு ஜட்ஜா, கவர்னரா வரப்போறவனெல்லாம் அங்க உன் பக்கத்துல உக்காந்திருக்கான். இங்க உன் பக்கத்துல பாய்லர்! இந்தப் பொந்துல வாங்கின பட்டத்தை எவன் மதிப்பான்? நான் பெத்த பிள்ளையை இங்க விட்டுப் பாழாக்குவேனா?

— டீன் சார், இதையே நாளைக்குக் கூண்டுல நின்னு சொல்லிடுங்களேன்.

— நான் எதுவும் சொல்லலையே! நீ சொன்னா எந்த ஜட்ஜு நம்புவார்? என் வார்த்தைக்கு எதிரா உனக்குச் சாட்சி யாரு இருக்கா?

— நான்தான்ப்பா. சாட்சி சொல்ல வர்றேன்னு லெமுவேல் போன வாரமே என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டான்.